திரும்பி வந்த கலர்களுக்கு ஒரு பந்தி

ஒரு படம் தேறுமா தேறாதா என்று கண்டுபிடிக்க அக்கா அதைக் கொண்டுபோய் அடுப்படியில் மாட்டிவிடுவார். மிக்சி வைத்திருக்கிற மேடைக்கு மேலே, தாளிப்புப் புகை படிந்த சுவரில், அதற்கென்றே ஓர் ஆணி இருந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டே படத்தைப் பார்ப்பார். கறி வேகிற வரைக்கும் பார்ப்பார். படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதில் பால் பொங்கி வழிந்துவிட்டால் படம் தேறிவிட்டது என்று அர்த்தம். நான் வரைந்த வெள்ளாடு ஒன்று மாதக் கணக்கில் அந்த ஆணியிலேயே கிடந்தது. ஒரு சொட்டுப் பால்கூட வழியவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நல்லா இல்லேன்னா சொல்லிருங்கக்கா. கழட்டிட்டுப் போறேன்."

"நல்லா இல்லேன்னு யாரு சொன்னா? அது இன்னும் இந்த வீட்டுக்குப் பழகல. புதுசா வந்த மருமக மாதிரி முழிச்சுக்கிட்டு நிக்குது. கெடக்கட்டும் கொஞ்ச நாளு."

அக்கா அருப்புக்கோட்டையில் பெயிண்ட் கடை வைத்திருந்த பாயின் மனைவி. பெயரை எழுதினால் "என்னைய எதுக்குப்பா சந்திக்கு இழுக்குற?" என்று போனிலேயே சண்டைக்கு வருவார். அதனால் அக்கா என்றே இருக்கட்டும். எனக்கு மாற்றலாகி அந்தப் பக்கத்தை விட்டு வந்து சில வருடங்கள் ஓடிவிட்டன. அப்போது நான் நரிக்குடியில் கால்நடை ஆய்வாளர், திருச்சுழியில் வாடகை வீடு. ஆட்டுக்கு ஊசி போடுவது உத்தியோகம், ஆட்டை வரைவது பைத்தியம். நான் டாக்டர் இல்லை என்று தொண்டை வற்றச் சொல்லியும் அங்கே எல்லோருக்கும் நான் டாக்டரம்மாதான். அக்காவும் அப்படித்தான் கூப்பிடுவார், ஆனால் அவர் கூப்பிடும்போது அதில் ஒரு குசும்பு இருக்கும்.

ஆஸ்பத்திரிச் சுவருக்கு வெள்ளை வாங்கப் போன இடத்தில்தான் பழக்கம். வெள்ளிக்கிழமை மத்தியானம், பாய் தொழுகைக்குப் போயிருந்தார். அக்கா கல்லாவில் உட்கார்ந்து, கலர் மாதிரிகள் அச்சடித்த ஒரு ஷேடு கார்டின் பின்பக்கத்தில், எதிர் மாடியில் இருந்த ஜன்னலை வரைந்துகொண்டிருந்தார். வந்த வேலையை மறந்து நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீயும் வரைவியா?"

"ஆடு மட்டும்தான்க்கா."

"போதுமே. நான் ஜன்னல் மட்டும்தான். ஆளுக்கு ஒண்ண ஒழுங்கா வரைஞ்சாப் போதாதா?" என்றவர், போகும்போது ஒரு டின்னை என் கையில் திணித்தார். "கொண்டு போயி ஆட்டுக்குப் பூசு. யாருக்கும் வேணாம்னு திரும்பி வந்த கலரு."

பெயிண்ட் கடைக்காரர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு துக்கம் இது. ஷேடு கார்டில் கைவைத்து, "இந்தக் கலர் கொடுங்க" என்பார்கள். கடையில் மெஷினில் கலந்து கொடுப்பார்கள். சுவரில் அடித்துப் பார்த்ததும் வீட்டில் யாராவது முகத்தைச் சுளிப்பார்கள், மிச்ச டின் கடைக்குத் திரும்பி வந்துவிடும். ஒருவருக்கென்று கலந்ததை இன்னொருவர் வாங்கமாட்டார். பழகிய முகத்துக்காகப் பாய் மறு பேச்சுப் பேசாமல் திரும்ப எடுத்துக்கொள்வார். அப்படி வந்த டின்களெல்லாம் வீட்டின் மாடி ரூமில் சேர்ந்துகொண்டே போயின. பாய் அந்த ரூமுக்கு ஏறுவதே கிடையாது. "நஷ்டத்தப் படியேறிப் போயி வேற பாக்கணுமாக்கும்" என்பார். அக்கா அந்த நஷ்டத்தைத்தான் ஒவ்வொன்றாக மூடி நெம்பித் திறந்து, ஹார்டுபோர்டு துண்டுகளில் ஊர் ஜன்னல்களாக வரைந்து தள்ளிக்கொண்டிருந்தார்.

மாடி ரூம் அவருடைய ஸ்டுடியோ ஆனது அப்படித்தான். பிறகு நாங்கள் ஒட்டிக்கொண்டோம். விருதுநகர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த மல்லாங்கிணற்றுக்காரர் ஒருவர். அவர் பயணிகளின் பின்தலைகளை மட்டுமே வரைவார், முன்பக்கம் பார்க்க நேரமில்லை என்பார். எண்ணெய்க்கடை வீட்டு மருமகள் ஒருத்தி, கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை வரைவாள். அப்புறம் நான், என் ஆடுகள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கூடுவோம். எந்தப் படத்தையும் அக்கா நல்லது என்றோ மோசம் என்றோ சொல்லி நான் கேட்டதில்லை. "இது எங்க உக்காரும்?" என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி.

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை அவர்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்குப் போனபோதுதான் தெரிந்துகொண்டேன். சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் பெண்கள் பந்தியை விசாரிக்கிற பொறுப்பு அக்காவுக்கு. யார் யாரோடு பேச்சில்லை, யாருக்குக் காது கொஞ்சம் மந்தம், யார் பக்கத்தில் உட்கார்ந்தால் சாப்பிடாமல் பேசிக்கொண்டே இருப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அன்று வருடக்கணக்காக முகம் பார்க்காத இரண்டு ஓரகத்திகள் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். அக்கா அசரவில்லை. இருவருக்கும் நடுவில், வாய் ஓயாத ஒரு பெரியம்மாவை உட்கார வைத்தார். பெரியம்மா பேசின பேச்சு தாங்காமல் இரண்டு பேரும் அவர் முதுகுக்குப் பின்னால் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். பாயாசம் வருவதற்குள் அவள் இலையில் இருந்த தயிர் வெங்காயத்தை இவள் எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். அக்கா என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கிக் காட்டினார். எனக்கு அவர்மேல் அன்றைக்கு வந்த பிரியம் இன்றுவரை இறங்கவில்லை.

ஒரு வருடம் பொங்கல் சீசன் நெருங்கும்போது வம்பு வந்தது. ஊரே சுவருக்குச் சாயம் பூசுகிற காலம், பாய்க்கு வருடத்தின் பெரிய வியாபாரம். வாடகைக்கு எடுத்திருந்த குடோனைச் சொந்தக்காரர் திருப்பிக் கேட்டுவிட்டார். பாய் ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை, சுற்றிச் சுற்றி வேறு இடம் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. கடைசியில் சோற்றில் கைவைத்துக்கொண்டே சொன்னாராம்.

"ஞாயித்துக்கிழம சாயங்காலம் மதுரையில இருந்து லோடு வருது. மாடி ரூமத்தான் ஒழிச்சுத் தரணும். எனக்கும் வேற வழி தெரியல."

அந்த வாரம் நாங்கள் போனபோது அக்காவின் கண் கொஞ்சம் சிவந்திருந்தது. ஆனால் குரலில் ஒன்றும் தெரியவில்லை. "அடுத்த ஞாயித்துக்கிழம, லோடு வர்ற அன்னைக்குக் காலையில இங்க நம்ம படத்த எல்லாம் வச்சு ஊரக் கூப்புடுறோம்" என்றார். "எனக்கு ஊருகூட வேணாம். இந்த மனுசன் ஒரே ஒரு தடவ படியேறி வந்து பாத்துட்டாப் போதும். பாத்துட்டு, அப்பறமும் டின்னு அடுக்கணும்னு சொன்னா, நானே நின்னு அடுக்கிக் குடுத்துர்றேன்."

அருப்புக்கோட்டையில் ஒரு வீட்டு மாடியில் படக்காட்சி என்று யாரும் கேள்விப்பட்டிருக்க முடியாது. பாயே தன் வாடிக்கையாளர்களிடம் சொல்லி வைத்தார். "வீட்டுல ஏதோ படமெல்லாம் மாட்டியிருக்காக. வந்துட்டுப் போங்க." அந்த அளவுக்கு நல்லவர். ஆனால் தான் வந்து பார்ப்பதாக மட்டும் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை படங்களை உட்கார வைத்தோம். மாட்டுவது என்ற வார்த்தையே அங்கே கிடையாது. சத்தமான படம் இன்னொரு சத்தமான படத்துக்குப் பக்கத்தில் வரக்கூடாது. கூச்சப்படுகிற படத்தை வாசலருகே வைத்தால் எழுந்து ஓடிவிடும், அதை மூலையில், தெரிந்த முகத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். பாத்திரப் படங்களில் ஒன்றை அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துவிட்டு, "வெயில்ல காயட்டும், அப்பத்தான் சந்தோசமா இருக்கும்" என்றார். கண்டக்டருக்கும் எனக்கும் நடுச்சுவருக்கு அடிதடி நடக்காத குறை. அவருடைய நீளமான பின்தலைப் படம் நடுவில் வர வேண்டும் என்று அவர், என் பெரிய கிடாய் வர வேண்டும் என்று நான். அக்கா கிடாயை நடுவில் வைத்து, பின்தலைகளை அதற்கு எதிர்ச்சுவரில் வைத்தார்.

"என்னக்கா, ஓரவஞ்சனையா இருக்கே" என்றார் கண்டக்டர்.

"பின்தலைய எல்லாம் பாக்க ஒரு ஆளு வேணாமா? கெடா பாத்துக்கிட்டு இருக்கும்."

தன்னுடைய ஜன்னல்களை இருப்பதிலேயே நல்ல சுவரில், கண்மட்டத்தில், ஒரு கூச்சமும் இல்லாமல் உட்கார வைத்துக்கொண்டார். "என் வீட்டுல நான் எங்க வேணும்னாலும் உக்காருவேன்" என்றார். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, சர்பத் கரைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தோம். முதலில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு காண்ட்ராக்டர் வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

"பாய் இல்லையாம்மா?"

"கடையில இருக்காகண்ணே. நீங்க உள்ள வாங்க" என்றார் அக்கா.

"இருக்கட்டும்மா. பாய் இருக்கும்போது வாரேன்." வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து வந்தவரும் அப்படியே. அதற்கடுத்து இருவர் சேர்ந்து வந்தார்கள், கேட்டைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், போய்விட்டார்கள். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. பாயைத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் மரியாதைப்பட்ட மனிதர்கள். வீட்டு ஆம்பளை வாசலில் நின்று 'வாங்க' என்று சொல்லாமல் அவர் வீட்டு மாடிக்கு எந்த ஆண் ஏறுவான்? நான் போய் நின்று கூப்பிட்டேன், சிரித்துவிட்டுப் போனார்கள். கண்டக்டரை நிறுத்தினோம். அவர் பழக்க தோஷத்தில், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடமிருக்கு" என்று சத்தம் போட, வந்தவர் மிரண்டு, "நீங்க யாரு சார், பாய்க்குச் சொந்தமா?" என்றார். "இல்ல, கண்டக்டரு." அவரும் போய்விட்டார்.

அக்கா கடைக்குப் போன் போட்டார். "சீசன் நேரத்துல கடையப் போட்டுட்டு நான் வந்து அங்க என்ன செய்யப் போறேன்?" என்ற பதில் எங்களுக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தார்.

"இத்தன கல்யாணத்துல பந்தி பாத்துருக்கேன். எப்பவும் உள்ளயே நின்னுட்டேன் பாரு. வாசல்ல நிக்கிறது ஆம்பளைக வேல. அதப் பத்தி ரோசனையே வரல எனக்கு."

கை நிறையச் சர்பத் டம்ளர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன்.

அக்கா படியிலிருந்து எழுந்தார். "டாக்டரம்மா, ஒன் கெடாயக் கழட்டு."

"எதுக்குக்கா?"

"வாசல்ல நிக்க வீட்டு ஆம்பள இல்ல. கெடாயாவது நிக்கட்டும்."

நேற்று முழுக்க உட்கார வைத்த வரிசையைத் தானே கலைத்தார். கிடாயைக் கேட்டில் கயிறு கட்டித் தெருவைப் பார்க்க நிறுத்தினார். பெட்டை ஆடுகளை நடையிலும், குட்டிகளைப் படிக்கு ஒன்றாகவும் வைத்து, மாடி வரைக்கும் மந்தையை ஏற்றிவிட்டார். காலியான நடுச்சுவருக்குப் பின்தலைகள் போயின. கண்டக்டர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

அந்த நேரம் பார்த்து நரிக்குடிப் பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவர் மனைவியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். அவர் கிடாயை வரைந்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள் என்று ஊசி போடப் போன இடத்தில் வழியும் சொல்லி வைத்திருந்தேன். பாய் யார், கடை எங்கே என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. தெருமுனையில் இருந்தே கத்தினார்.

"ஏ, இங்க வந்து பாரு! நம்ம கெடா நிக்குது!"

"ஆமாய்யா! காது பாரு, அந்தக் கிழிசகூட அப்படியே இருக்கு" என்றார் மனைவி.

"கலருதான் கொஞ்சம் கத்திரிக்கா மாதிரி இருக்கு."

"வெயில்ல நின்னா அப்படித்தான இருக்கும்? அது சரி, குட்டிக எங்க?"

கேட்டைத் திறந்துகொண்டு இரண்டு பேரும் உள்ளே நுழைந்துவிட்டார்கள். ஆட்டைத் தேடி வந்தவர்களுக்கு யாருடைய 'வாங்க'வும் தேவைப்படவில்லை. "இது பெரிய குட்டி", "இது சீக்கு வந்து பிழைச்சது" என்று படிக்குப் படி நின்று அவர்கள் போட்ட சத்தத்தில் தெருவில் கதவுகள் திறந்தன. எதிர்வீட்டு அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். பக்கத்துத் தெருப் பெண்கள் வந்தார்கள். பெண்கள் உள்ளே போனதும் அவர்கள் வீட்டு ஆண்களுக்குத் தைரியம் வந்தது. முதலில் திரும்பிப் போன காண்ட்ராக்டரும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தார். சர்பத் தீர்ந்து, எண்ணெய்க்கடை மருமகள் மறுபடி கரைக்க ஓடினாள்.

ஒரு வீட்டு வாசலில் திடீரென்று கூட்டம் கூடினால் நல்ல சேதி என்று யாரும் நினைப்பதில்லை. யாரோ கடைக்குப் போன் செய்திருக்கிறார்கள். பாய் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு, கையில் சாயத்தோடு, தொப்பி நழுவ ஓடி வந்தார். "யாருக்கு என்னாச்சு? யாருக்கு என்னாச்சு?" வாசலில் கத்திரிக்காய் நிறத்துக் கிடாய் ஒன்று அவரை முறைத்தது.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலங்க" என்று மாடிப்படியின் உச்சியிலிருந்து அக்கா சொன்னார். "மேல வாங்க."

மூச்சு வாங்கிக்கொண்டே ஏறினார். ரூமுக்குள் வந்து நின்றார். கூட்டம் அவருக்கு வழிவிட்டது. ரொம்ப நேரம் அக்காவின் ஜன்னல்களையே பார்த்தார். பிறகு ஒரு ஜன்னல் கதவின் மேல் விரலை வைத்தார்.

"இது நூல்கடைக்காரரு வேணாம்னு குடுத்த பச்ச."

நகர்ந்தார். "இது மண்டபத்துக்காரரு திருப்பிக் குடுத்தது. வெளிறிப் போச்சுன்னு சண்ட போட்டாரு. எங்க வெளிறியிருக்கு?" இன்னும் நகர்ந்தார். ஆட்டுக்காரர் குட்டிகளை அடையாளம் கண்ட மாதிரியே பாய் தன் டின்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார். குரல் ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு கலருக்கும் ஒரு வீடும், ஒரு சண்டையும் அவர் ஞாபகத்தில் இருந்தன.

பின்தலைப் படத்துக்கு முன்னால் காண்ட்ராக்டர் நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸின் ஜன்னல் வழியாக ஒரு செம்மஞ்சள் வெளிச்சம் அந்தத் தலைகள்மேல் விழுந்திருந்தது.

"பாய், இந்தக் கலரு அருமையா இருக்கே. என்ன கலரு இது?"

"நீங்க திருப்பிக் குடுத்ததுதான்."

"நானா? எதுக்குத் திருப்பிக் குடுத்தேன்?"

"ஒங்க சம்சாரத்துக்குப் பிடிக்கலன்னு சொன்னீக."

காண்ட்ராக்டர் படத்தை மறுபடி பார்த்தார். "இருங்க, அவளக் கூட்டியாரேன்" என்று படியிறங்கினார். ரூமே சிரித்தது. பாயும் சிரித்தார், அக்காவைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அவரும் விறுவிறுவென்று இறங்கிப் போய், கிடாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தெருவில் போகிறவர்களையெல்லாம், "வாங்க, வாங்க, மேல வாங்க" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கடை பாதி ஷட்டரோடு அப்படியே கிடந்தது.

சாயங்காலம் கூட்டம் வடிந்தது. காண்ட்ராக்டரின் மனைவிகூட வந்து பார்த்துவிட்டு, "அப்ப டியூப்லைட் வெளிச்சத்துல பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தெருவில் லாரி சத்தம் கேட்டது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், பிடி வலித்தது. எந்தப் படத்தை முதலில் கழற்றுவது என்று அவர் கண் சுவரில் தேடுவது எனக்குத் தெரிந்தது.

கீழே லோடுமேன் இரண்டு பக்கெட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடைக்கு வந்துவிட்டார்.

"பாய், மாடின்னுதான சொன்னீங்க?"

பாய் துண்டால் முகத்தைத் துடைத்தார். படியை அண்ணாந்து பார்த்தார்.

"மேல எடமில்லப்பா. ஆளுக உக்காந்துருக்காக. கீழ நாங்க படுக்குற ரூமு இருக்கு பாரு, அதுல எறக்கு."

லோடுமேன் மாடியை எட்டிப் பார்த்தார். அங்கே நாங்கள் நாலு பேரையும் சுவர் நிறையப் படங்களையும் தவிர யாரும் இல்லை. அக்கா என் கையை விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே கட்டிலை நகர்த்தக் கீழே ஓடினார். "வெள்ளைய ஜன்னல் ஓரமா வைங்கப்பா, செவப்ப அதுக்குப் பக்கத்துல கொண்டாராதீங்க" என்று லோடுமேனை அவர் அதட்டுகிற சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

பொங்கல் சீசன் முடிகிற வரைக்கும் அவர்கள் இரண்டு பேரும் மாடி ரூமில், கேட்டிலிருந்து மேலே திரும்பிய கிடாய்க்கும் மற்றப் படங்களுக்கும் நடுவில்தான் படுத்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது பாய் வாசலிலேயே என்னை மடக்கினார்.

"டாக்டரம்மா, கண்ணத் தொறந்தா அந்தக் கெடா என்னையவே பாத்துக்கிட்டு நிக்குது. தூக்கமே வர மாட்டேங்குது. ஒங்க அக்காட்டச் சொல்லி, அத வேற எடத்துல உக்கார வைக்கச் சொல்லுங்க."